தைமோமா சிகிச்சை: எதற்குக் கொடுத்த காசு தகும், எதற்குத் தகாது

நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வரும் கட்டிக்கு, அதாவது தைமோமாவுக்கு, எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் பெயர் சொல்வதில்லை. அங்கே நரம்பு டாக்டர், நெஞ்சு ஆபரேஷன் செய்யும் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர் மூவரும் உங்கள் ஃபைலை வைத்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்களா என்று விசாரியுங்கள் என்பேன். பேசுவார்கள் என்றால் கட்டடம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை, அங்கேயே சேருங்கள். நான் வைத்தியம் பார்த்த இடம் சென்னையில் நடுத்தரமான ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கரண்டு, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்துக்கொண்டது திருச்சியில். இரண்டுக்கும் குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர்கள் வேண்டாம்.

நான் கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பில் என்று கையில் எது வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவேன். ஆஸ்பத்திரிப் பில்லையும் அப்படித்தான் படித்தேன். அதனால் இதை ஒரு நோயாளியின் கதையாகப் பார்ப்பதைவிட, காசு கொடுத்தவளின் மதிப்பீடாகப் படித்தால் உதவும்.

எனக்கு ஆரம்பித்தது கண்ணில். காலையில் நன்றாக இருக்கும். சாயங்காலமானால் இடது இமை இறங்கிவிடும், லெட்ஜரில் ஒரே வரி இரண்டாகத் தெரியும். சப்பாத்தி மென்றால் பாதியிலேயே தாடை ஓய்ந்துவிடும். கண் டாக்டர் ஒருவர் கண்ணாடியை மாற்றினார். அது வீண் செலவு. பிறகு பார்த்த நரம்பு டாக்டர் செய்ததுதான் இந்த மொத்த வைத்தியத்திலேயே காசே இல்லாத, ஆனால் மிகத் துல்லியமான சோதனை. ஐஸ் கட்டிகளை ஒரு ரப்பர் கையுறைக்குள் போட்டு, மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்ததும் இமை ஏறி நின்றது. முன்னும் பின்னும் என் போனிலேயே படம் எடுத்து, பக்கத்தில் பக்கமாக வைத்துக் காட்டினார். குளிர்ச்சியில் நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பு கொஞ்ச நேரத்துக்குத் தேறுமாம். மயஸ்தீனியா கிராவிஸ் என்றார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தசையில் நரம்பின் செய்தியை வாங்கும் இடத்தை அடைத்துவிடுவது. ரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது.

அதோடு விடாமல் நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எழுதினாரே, அதற்குத்தான் அவருக்கு முழு மதிப்பெண். மயஸ்தீனியா உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குத் தைமஸில் கட்டி இருக்கும். தைமஸ் கட்டி உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மயஸ்தீனியா இருக்கும். ‘கண்ணுக்குத்தானே கோளாறு, நெஞ்சுக்கு எதற்கு ஸ்கேன்’ என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். தைமஸ் என்பது நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பி. சின்ன வயதில் எதிர்ப்பு அணுக்களைப் பழக்கிவிடுவது அதன் வேலை. வயதுக்கு வந்த பிறகு சுருங்கிக் கொழுப்பாகிவிடும். என்னுடையதில் ஐந்து சென்டிமீட்டருக்குக் கட்டி இருந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஊர்ப்பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் ஸ்கேனைப் பார்த்த கையோடு, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். சென்னை சர்ஜன் அதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்கேனிலேயே தைமோமா என்று தோன்றி, முழுதாக எடுத்துவிடவும் முடியும் என்றால், முதலில் குத்தக் கூடாதாம். நுங்கைத் தோல் கிழியாமல் எடுப்பது போல உறையோடு எடுக்க வேண்டும், கிழிந்தால் உள்ளே இருப்பது நுரையீரல் உறையில் சிந்தி, வருஷங்கள் கழித்து அங்கே முளைக்கும் என்றார். கட்டி பெரிதாகி ரத்தக் குழாய்களைப் பிடித்துக்கொண்டிருந்தால், அல்லது நெறிக்கட்டி வகைக் கேன்சரோ என்று சந்தேகம் இருந்தால் கதை வேறு. அப்போது சதைப் பரிசோதனை கட்டாயம், அதுவும் நுரையீரல் உறையைத் துளைக்காத வழியாக. யாராவது அவசரப்பட்டு ஊசியை எடுத்தால், ‘இதை நேராகவே எடுத்துவிட முடியுமா?’ என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ரோபோவா, திறந்தா? இதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் விசாரித்த இன்னொரு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கவுன்சிலர் பெண் ரோபோ பேக்கேஜ் அட்டையை நீட்டிவிட்டாள். தழும்பு தெரியாது, மூன்று நாளில் வீடு என்று ஒரே பேச்சு. கட்டி சின்னதாக, உறைக்குள் அடங்கி இருந்தால் ரோபோவோ, சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் தாராஸ்கோப்பியோ நல்ல வழிதான், வலியும் படுக்கை நாளும் குறைவு. அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் என் ஸ்கேனில் கட்டி இதய உறையில் ஒட்டியிருப்பது போலத் தெரிந்தது. சென்னை சர்ஜன், ‘எந்தக் கருவியால் எடுக்கிறோம் என்பது எனக்கு முக்கியமில்லைம்மா, ஓரத்தில் மிச்சமில்லாமல் வர வேண்டும்’ என்று சொல்லி, நெஞ்செலும்பைத் திறந்துதான் செய்வேன் என்றார். இந்த நோயில் உயிர் பிழைப்பதைத் தீர்மானிப்பதில் முதல் இடம், முழுதாக எடுத்தார்களா என்பதற்குத்தான். மருந்து, கரண்டு எல்லாம் அதற்குப் பின்னால்தான். 1936-லேயே ஆல்ஃப்ரெட் பிளேலாக் என்ற அமெரிக்க சர்ஜன், மயஸ்தீனியா இருந்த ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை எடுத்து அவளைத் தேற்றியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, கட்டியை எடுப்பதுதான் வைத்தியம் என்பது மாறவில்லை.

ஆபரேஷனுக்கு முன் நடந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், காசு அங்கேதான் கரையும். மயஸ்தீனியா உள்ளவரை அப்படியே மேஜையில் படுக்க வைத்தால், பிறகு மூச்சுக் குழாயை எடுக்க முடியாமல் வென்டிலேட்டரிலேயே கிடக்க நேரிடலாம். அதனால் முதலில் தசையைத் தேற்ற வேண்டும். மாத்திரையோடு, ஐவிஐஜி என்ற இம்யூனோகுளோபுலின் ஊசி ஒரு வழி. ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மாவை மாற்றுவது இன்னொரு வழி. ஐவிஐஜி கிலோவுக்கு இரண்டு கிராம் கணக்கு. அறுபது கிலோ ஆளுக்கு 120 கிராம், ஐந்து கிராம் பாட்டிலில் 24 பாட்டில். பாட்டிலில் அச்சடித்த விலைக்கும் வெளியே மொத்தக் கடையில் கிடைக்கும் விலைக்கும் எவ்வளவு தூரம் என்று விசாரித்துப் பாருங்கள், மயக்கமே வரும். எனக்கு பிளாஸ்மா மாற்றினார்கள். கழுத்தில் தடிமனான குழாய், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மெஷின் பக்கத்தில் மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். உதடு விறுவிறுவென்று மரத்தது, கால்சியம் இறங்குவதாம், உடனே ஏற்றினார்கள். செலவு குறைவு, அலுப்பு அதிகம். கடைசியில் சப்பாத்தியை முழுதாக மென்று விழுங்கினேன்.

பில்லில் சுகமாடெக்ஸ் என்று ஓர் ஊசி இருந்தது. ஒரு சின்னக் குப்பி, அந்த விலை! கேட்டேன். பில்லிங் கவுண்டரில் இருந்த பையன் முழித்தான். ஆனால் மயக்க டாக்டர் அடுத்த ரவுண்டில் வந்து நின்று விளக்கினார். தசையைத் தளர்த்தும் மருந்தை முறிக்க வழக்கமாகப் போடும் மலிவான ஊசி, ஏற்கெனவே மயஸ்தீனியா மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சரிவராமல் போகலாம். இது நேராக அந்த மருந்தையே பிடித்துக் கட்டிவிடும். ஆபரேஷன் நடந்த அன்றைக்கு மாலையே என் மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள். அந்த வரியை டிக் அடித்தேன். அதே பில்லில் கையுறை, காட்டன், ‘இதர பொருட்கள்’ என்று போட்டிருந்ததைத்தான் அடிக்க முடியவில்லை. அவற்றை இன்ஷூரன்ஸும் கொடுக்காது, ஆஸ்பத்திரியும் விடாது.

ஐசியூ நர்ஸுகள் அருமை. வலிக்கு மருந்து கேட்டு நான் காத்திருந்ததே கிடையாது. பிசியோதெரபிப் பெண் மூன்று பந்து உள்ள ஊதுகுழல் ஒன்றைக் கொடுத்து உறிஞ்சச் சொல்வாள். முதல் பந்து சுலபம், இரண்டாவது திணறும், மூன்றாவது டிஸ்சார்ஜ் வரைக்கும் எழும்பவே இல்லை. ‘மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் செய்யுங்க, இப்போ வேண்டாம்’ என்று நேரத்தைக் குறித்து வைத்தாள். மயஸ்தீனியாவைப் புரிந்த பிசியோ அவள். இருமும்போது நெஞ்சோடு அணைக்க ஒரு தலையணை, எழுந்திருக்கையில் கையை ஊன்றக் கூடாது, இரண்டு மாதத்துக்குத் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. கம்பி போட்டுக் கட்டிய எலும்பு சேர அவ்வளவு நாள் ஆகும். உணவுதான் மோசம். மெல்லவே சிரமப்படும் ஆளுக்கு ஆறிப்போன சப்பாத்தியும் பட்டாணியும் அனுப்பினார்கள். நாத்தனார் வெளியே போய் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் வாங்கி வந்தாள்.

எடுத்த கட்டியின் பயாப்சி ரிப்போர்ட் வந்தது. அதைப் படித்துத்தான் வீட்டில் எல்லோரும் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு ஒரே தாளில் மசாவோகா-கோகா நிலை மூன்று, டிஎன்எம் நிலை இரண்டு என்று இருந்தது. எது சரி? இரண்டுமே சரி. இதய உறையில் கட்டி லேசாக நுழைந்திருந்தால் ஜப்பான்காரர்களின் பழைய கணக்கில் அது மூன்று, புதிய டிஎன்எம் கணக்கில் அது இரண்டு. இதைச் சொல்ல ஒரு டாக்டருக்கு இரண்டு நிமிடம் ஆகும், ஆனால் ரிப்போர்ட்டைக் கவுண்டரில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் மதிப்பெண்ணைக் குறைப்பது இதற்குத்தான். வகை பி2 என்றும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் தைமோமாவை ஏ, ஏபி, பி1, பி2, பி3 என்று பிரிக்கிறது. தைமிக் கார்சினோமா தனி, அதுதான் முரட்டு வகை. ஓரங்களில் மிச்சமில்லை என்ற வரியைத் தேடிப் படியுங்கள். என்னுடையதில் இருந்தது.

இது கேன்சரா இல்லையா என்று இன்ஷூரன்ஸ்காரர்களும் கேட்டார்கள். சேர்க்கை நேரத்தில் யாரோ சாதாரணக் கட்டி என்று டி15.0 என்ற நோய்க் குறியீட்டை (கோடு) போட்டுவிட்டார்கள். ரிப்போர்ட் வந்ததும் சி37, அதாவது தைமஸ் கேன்சர் என்று மாற்ற வேண்டியதாயிற்று. கோடு மாறினால் பின்னால் வரும் கரண்டு சிகிச்சைக்கு அனுமதி வாங்குவதும் மாறும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தக் கோடு இருக்கிறது என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் பாருங்கள்.

அப்புறம் கரண்டு. உறைக்குள் அடங்கிய முதல் நிலைக் கட்டியை முழுதாக எடுத்திருந்தால் கரண்டு தேவையே இல்லை, வேண்டாம் என்று சொல்லும் டாக்டரைச் சந்தேகப்படாதீர்கள். பழைய கணக்கில் இரண்டாம் நிலை என்றால் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. எனக்குக் கட்டி இதய உறைக்குள் நுழைந்திருந்ததால் 25 தடவையாக 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). தாரமணியில் 2019 முதல் புரோட்டான் இயந்திரம் இருக்கிறதே, அங்கே போகலாமா என்று கரண்டு டாக்டரிடம் கேட்டேன். புரோட்டான் கட்டி இருந்த இடத்தோடு நின்றுவிடும், பின்னால் இருக்கும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகும் அளவு குறையும், வயது குறைந்தவர்களுக்கு அது பெரிய லாபம் என்றார். ஐம்பதைத் தாண்டிய எனக்கு, சாதாரண இயந்திரத்தில் கதிரின் அளவை இடத்துக்கு இடம் மாற்றி வைக்கும் ஐஎம்ஆர்டி முறையிலேயே இதயத்துக்குப் போகும் அளவு வரம்புக்குள் நிற்பதைத் திட்டப் படத்தில் கலர் கலராகக் காட்டினார். பல மடங்கு விலை வித்தியாசம். நான் சாதாரண இயந்திரத்திலேயே வைத்துக்கொண்டேன். முப்பது வயது ஆள் என்றால் விசாரித்துப் பாருங்கள்.

இதற்குச் சென்னையில் அறை எடுத்துத் தங்க வேண்டியதில்லை. ஆபரேஷனுக்குத்தான் கை தேர்ந்தவரைத் தேடிப் போக வேண்டும், திட்டம் சரியாகப் போட்டால் கரண்டைப் பக்கத்து ஊரிலேயே வைக்கலாம். ஸ்ரீரங்கத்தில் தம்பி வீட்டில் இருந்துகொண்டு போய்வந்தேன். திங்கள் முதல் வெள்ளி, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பலகையில் அசையாமல் படுக்க வேண்டும். நெஞ்சில் பச்சைப் புள்ளி குத்தி, தினமும் அதே இடத்தில் ஒளிக்கோட்டைப் பொருத்துவார்கள். இடையில் இயந்திரம் பழுதாகி நாலைந்து நாள் நின்றது. போன் செய்து சொல்லாமல், வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். நாமக்கல்லில் இருந்து விடிகாலையில் கிளம்பி வந்த ஒருவர் போட்ட சத்தம் நியாயமானது. மூன்றாவது வாரம் விழுங்கினால் நெஞ்சுக்குள் எரிந்தது. காரத்தை விட்டுவிட்டு மோர் சாதம், குழைந்த கஞ்சி, இளநீர் என்று ஓட்டினேன். முடிந்து சில வாரங்களில் சரியாகிவிட்டது.

கீமோ எனக்குத் தேவைப்படவில்லை, காத்திருந்த ஹாலில் தேவைப்பட்டவர்களோடு பேசியிருக்கிறேன். எடுக்க முடியாத அளவு பெரிய தைமோமா என்றால் முதலில் சிஸ்பிளாட்டின், டாக்ஸோருபிசின், சைக்ளோபாஸ்பமைடு மூன்றும் சேர்த்துக் கொடுத்துச் சுருக்கிப் பிறகு ஆபரேஷன். தைமிக் கார்சினோமாவுக்குப் பெரும்பாலும் கார்போபிளாட்டினும் பாக்லிடாக்சலும். அது கேட்கவில்லை என்றால் லென்வாடினிப் மாத்திரை இருக்கிறது. ஜப்பானில் 42 பேருக்குக் கொடுத்ததில் 16 பேருக்குக் கட்டி சுருங்கியது. ரத்த அழுத்தம் எகிறும், உள்ளங்கை உரியும். நான் பார்த்த ஒரு பெரியவர் காலையும் மாலையும் பிபி எழுதிய நோட்டோடு வருவார்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே கட்டிக்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி பற்றி ஒரு வார்த்தை. பேப்பரில் படித்துவிட்டு என் மகன் அதையே பிடித்துக்கொண்டு நின்றான். பெம்ப்ரோலிசுமாப் ஊசியைத் தைமிக் கார்சினோமா உள்ள 40 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 9 பேருக்குக் கேட்டது. ஆனால் 6 பேருக்கு உடம்பு தன்னையே தாக்கும் கடுமையான பக்க விளைவு வந்தது, அதில் இரண்டு பேருக்கு இதயத் தசையிலேயே. தைமோமாவில், அதுவும் மயஸ்தீனியா உள்ளவர்களில், இந்த ஆபத்து இன்னும் கூடும். நரம்பு டாக்டர் ‘உங்க அம்மாவுக்கு அதை நினைக்கவே வேண்டாம்’ என்று ஒரே வரியில் முடித்தார். காசு இருக்கிறது என்பதற்காக வாங்கிப் போடும் ஊசி இல்லை அது.

கட்டி போனதும் மயஸ்தீனியாவும் மறுநாளே போய்விடும் என்று நினைக்காதீர்கள். மாதங்கள் ஆகும், சிலருக்கு வருஷங்கள். நான் இன்னும் மயஸ்தீனியா மாத்திரையான பைரிடோஸ்டிக்மின் சாப்பிடுகிறேன், வேளைதான் குறைந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆகாத மருந்துகளின் பட்டியலை லேமினேட் செய்து கையில் கொடுத்தார்கள். ஜென்டாமைசின், அமிகாசின், சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், நரம்பில் ஏற்றும் மெக்னீசியம், ப்ரொப்ரனலால். தசை பலவீனத்தைக் கூட்டக்கூடியவை. இருமலுக்குப் போன இடத்தில் வழக்கம்போல அசித்ரோமைசின் எழுதினார்கள். அட்டையை நீட்டினேன், மாற்றிக் கொடுத்தார்கள். இந்த அட்டை கொடுக்காத ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள்.

பண விஷயம். கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் ஆபரேஷன் செலவில் பெரும்பகுதியைத் தாங்கியது. அது இல்லாதவர்கள், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதல்வரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு 5 லட்சம் வரை வரும். சென்னை ஜிஹெச்சில் நெஞ்சு ஆபரேஷன் பிரிவு இருக்கிறது, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1954-லிருந்து இயங்குகிறது, வேலூர் சிஎம்சி இருக்கிறது. கூட்டமும் காத்திருப்பும் உண்டு, ஆனால் இந்த மாதிரி அபூர்வக் கட்டிகளைப் பார்த்துப் பழகிய கண்கள் பெரிய இடங்களில்தான் இருக்கும். அமெரிக்கக் கணக்கில் பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் தைமோமா வருகிறது. சின்ன ஊர் சர்ஜன் ஒருவர் ஆயுளில் எத்தனை பார்த்திருப்பார்? ரயிலில் போகிறவர்கள் டாக்டரிடம் கேன்சர் சலுகைப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் டிக்கெட் இலவசம், துணைக்கு வருபவருக்கு முக்கால்வாசி தள்ளுபடி. கவுண்டரில் கேட்டால்தான் தருவார்கள்.

ஐந்துக்கு மதிப்பெண் போட்டால், நரம்பு டாக்டருக்கும் மயக்க டாக்டருக்கும் ஐந்து, சர்ஜனுக்கு ஐந்து, நர்ஸுகளுக்கு ஐந்து. ரிப்போர்ட் கொடுத்த விதத்துக்கு இரண்டு. கரண்டு மையத்துக்கு, வைத்தியத்தில் நான்கு, ஆட்களை நடத்தியதில் ஒன்றரை. கேன்டீனுக்கு மதிப்பெண் கிடையாது.

தைமோமா பத்து வருஷம் கழித்தும் திரும்பி வரக்கூடியது என்பதால், முதல் இரண்டு வருஷம் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், பிறகு வருஷத்துக்கு ஒன்று, பத்து வருஷம் வரை. பழைய ஸ்கேன் படங்களை சிடி தட்டிலும் பென்டிரைவிலும் வாங்கி வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய படம் இல்லாவிட்டால் புதிய ஸ்கேனுக்குப் பாதி மதிப்புதான். பயாப்சி ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும்கூட எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள், வேறு இடத்தில் இரண்டாவது கருத்துக் கேட்க அவைதான் வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்குத் திங்கள்கிழமை காலை போனால் கூட்டம் தாங்காது, புதன் மதியம் போங்கள்.